பூட்டு ஒரு வழி, சாவி ஒரு வழி

இந்தக் குறிப்புகளில் வருகிறவர்களின் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை, என் பெயர் உட்பட. எல்லோரும் போடுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது வருஷம் ஆனது, என் அப்பாவுக்கு ஒரு வேலை போனது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றவில்லை. "ஆம்பூர ஆம்பூர்னே போடு. அது இன்னா தப்பு பண்ணிச்சி?" என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

1

நான் எஸ்தர். வேலூரில் நர்ஸிங் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவுக்கு வந்தவள். அமெரிக்கா என்றதும் கண்ணாடிக் கட்டடங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் இருக்கும் ஊர் எங்கள் ஆம்பூர்ப் பக்கத்து ஆலங்காயத்தைவிடச் சிறியது. சுற்றிலும் மக்காச்சோளம், நடுவில் ஒரு சிக்னல், அதன் பக்கத்தில் இரண்டு டாக்டர்கள் நடத்தும் எங்கள் கிளினிக்.

போன மாதம் எங்கள் கிளினிக்கையும், பக்கத்து ஊர்களில் இதே அளவுள்ள மூன்று கிளினிக்குகளையும் கம்ப்யூட்டரால் இணைத்தார்கள். ஒரு நோயாளி எங்கே என்ன மாத்திரை வாங்குகிறார், எந்த ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதை நான்கு இடத்திலும் பார்க்கலாம். அதுவரை இதெல்லாம் ஃபேக்ஸில் போய்வந்தது. ஃபேக்ஸ் என்பது பொதுக் குழாயடி மாதிரி. யார் குடத்தில் யார் தண்ணீர் பிடித்துப் போனார்கள் என்று கணக்கே கிடையாது. இப்போது ஆளுக்கு ஒரு ரகசியச் சொல். யாருடைய பக்கத்தை யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதும் பதிவாகிவிடும்.

ஆனால் நோயாளி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் அவருடைய பக்கம் நகரும். அந்தக் கையெழுத்து வாங்கும் வேலை என்னுடையது. "அரை நிமிஷ வேலை எஸ்தர், எல்லாரிடமும் மளமளவென்று வாங்கிவிடு" என்றார் சின்ன டாக்டர். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லித்தான் வாங்குவேன் என்றேன். அவர் வெளியே காத்திருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், படிவக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் பிடித்தால் உடும்புப்பிடி என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

முதல் நாளே மாட்டினார் ஜெரால்ட். எழுபது தாண்டிய சோள விவசாயி. நெஞ்சுக்கு எங்களிடமும், முழங்காலுக்கு அடுத்த ஊர் கிளினிக்கிலும் வைத்தியம். மாத்திரைகளை எல்லாம் ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருவார். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை யார் யார் பார்ப்பார்கள்?" என்றார். வைத்தியம் செய்கிற டாக்டரும் நர்ஸும் என்றேன்.

"அடுத்த ஊர் கிளினிக்கில் முன் மேஜையில் உட்கார்ந்திருப்பது என் மச்சினி. அவளும் பார்ப்பாளா?"

பார்க்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல நாக்கு வரவில்லை. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துக்கு நான் நீட்டிய பேனா மேஜையிலேயே கிடந்தது.

அன்று மாலை ஆம்பூரிலிருந்து என் தம்பி சாமுவின் போன்.

"அக்கா, அப்பாவோட இடது கண்ணுல உள்ள ரத்தம் கசியுதாம். சுகராலதான். வலது கண்ணு ஏற்கெனவே மங்கல். இதையும் உடனே ஆபரேஷன் பண்ணலன்னா ரெண்டும் போய்டும்னு வேலூர் கண் டாக்டரு சொல்ட்டாரு."

"அப்ப பண்ணிட வேண்டியதுதானே? இன்னா பிரச்சன?"

"பழைய வியாதி, பழைய மாத்திர, அன்னிக்கி விழுந்தது எல்லாம் எழுதி நசீர் டாக்டர்கிட்டருந்து வரணுமாம். மயக்க மருந்து குடுக்கறவரு முழு விவரம் இல்லாம கைய வைக்க மாட்டேன்றாரு. நசீர் டாக்டர் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குது. அனுப்பட்டுமான்னு அப்பாவ கேட்டாரு. அப்பா வேணான்ட்டாரு."

"வேணாமா?"

"என் வியாதி இனிமே காகிதத்துலயும் போவக் கூடாது, கம்ப்யூட்டர்லயும் போவக் கூடாதுன்னுட்டாரு. கண்ணு போனா போவட்டுமாம். உனக்குத் தெரியாதா அக்கா, ஏன்னு?"

தெரியும். காரணமே நான்தான்.

2

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் ஷேவிங் மெஷின் ஓட்டினார். பதனிட்ட தோலை ஒரே கனத்துக்குச் சீவுகிற மெஷின் அது. கனம் கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ ஷூ கம்பெனி தோலைத் திருப்பிவிடும் என்பதால் மெஷின்காரருக்கு அங்கே தனி மரியாதை. அது அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும். இஸ்திரி போட்ட சட்டையில்லாமல் வேலைக்குப் போகமாட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டாக்டர் எழுதிய சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டக் கூடாது. யாரும் போட்ட சட்டமல்ல, மரியாதை. 'என்ன நம்பாமத்தானே அங்க போன?' என்று கேட்டுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் டாக்டருக்கு ஒரு பை. எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி, இரண்டு பை. ஜவுளிக்கடை மஞ்சள் பை கம்பெனி டாக்டருக்கு. டேனரியில் சாம்பிளுக்காகத் தைத்து ஒதுக்கிய கறுப்புத் தோல்பை நசீர் டாக்டருக்கு. அந்தந்த டாக்டர் சீட்டு அந்தந்தப் பையில். அம்மா ஒருநாள்கூட மாற்றி எடுத்துக் கொடுத்ததில்லை.

கம்பெனி டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் டேனரிக்கு வருவார். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தது அவர். நசீர் டாக்டர் கடைத்தெருவில் சின்னதாகக் கிளினிக் வைத்திருந்தார். எங்கள் குடும்பத்துக்கே அவர்தான் வைத்தியம். அப்பாவின் கழுத்தில் நெறி கட்டியிருந்ததைப் பார்த்து, பரிசோதித்து, டி.பி. என்று சொன்னது அவர். நுரையீரலில் இல்லை, கழுத்து நெறியில் மட்டும். யாருக்கும் தொற்றாது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த இரண்டு எழுத்தைக் கேட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். அப்பா யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவெடுத்தார். சீவல் தூசிக்காகக் கழுத்தில் துண்டு கட்டுவது டேனரியில் எல்லோரும் செய்வதுதான், கட்டி அதில் மறைந்தது. டி.பி.க்கான சிவப்பு கேப்ஸ்யூல் சாப்பிட்டால் சிறுநீர் செம்மண் கரைத்த மாதிரி போகும். சாயத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"சுகர் கிகர் இருக்குதா?" என்று நசீர் டாக்டர் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றிருக்கிறார் அப்பா. சர்க்கரை என்று சொன்னால் வேலூருக்குப் போய் அட்மிட் ஆகச் சொல்வார், அட்மிட் ஆனால் லீவு கேட்க வேண்டும், கேட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கம்பெனி டாக்டரிடம் கழுத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. என்னிடமும்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் "எல்லாரும் சௌக்கியம்" என்பார்கள், நர்ஸான நானும் நம்பிக்கொண்டு இங்கே ஊராருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

இரண்டாயிரத்தில் ஒருநாள் வேலை நேரத்தில் அப்பா மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். நல்லவேளை, பின்பக்கமாக விழுந்தார். முன்பக்கம் பிளேடு.

பக்கத்து நர்ஸிங் ஹோமில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். இரண்டு மணி நேரத்தில் மறுபடி மயங்கினார். ஏற்றினால் எழுவதும், நிறுத்தினால் சரிவதுமாக இருந்தது. சாமு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழுதான்.

"அழாத. வீட்டுக்குப் போயி ரெண்டு பையையும் எடுத்துட்டு வா. அப்பறமா எனக்கு போன் பண்ணு" என்றேன்.

இரண்டு பையும் ஒரே மேஜைக்கு வந்தது அன்றுதான் முதல்முறை. அவன் ஒவ்வொரு சீட்டாக எழுத்துக் கூட்டிப் படித்தான். மளிகைக் கடை காகிதப் பையைக் கிழித்து, மஞ்சள் பையில் இருந்ததை இடது பக்கமும் கறுப்புப் பையில் இருந்ததை வலது பக்கமும் தேதிவாரியாக எழுதிக்கொண்டே வந்தேன். சிவப்பு கேப்ஸ்யூலின் பெயரை அவன் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்த சிவப்பு கேப்ஸ்யூல் சர்க்கரை மாத்திரையை உடம்பில் தங்கவிடாமல் சீக்கிரமே வெளியே தள்ளிவிடும். அதனால் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. கம்பெனி டாக்டர் அரை மாத்திரையை ஒன்றாக்கினார், ஒன்றை இரண்டாக்கினார். டி.பி. மாத்திரை ஆறு மாதத்தில் முடிந்தது. தள்ளிவிட ஆளில்லாமல் போனதும், ஏற்றி வைத்த சர்க்கரை மாத்திரை அத்தனையும் முழு பலத்தோடு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

மஞ்சள் பைச் சீட்டில் தப்பில்லை. கறுப்புப் பைச் சீட்டிலும் தப்பில்லை. இரண்டு டாக்டரும் நல்லவர்கள், படித்தவர்கள். அரை மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே மனிதனின் உடம்பை ஆளுக்குப் பாதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தான் ஆளில்லை.

நர்ஸிங் ஹோம் டாக்டரிடம் போனிலேயே சொன்னேன். அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, குளுக்கோஸை விடாமல் ஏற்றினார். அப்பா பிழைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

4

அந்த மிதப்பில் செய்ததுதான் அடுத்த காரியம்.

இனி இப்படி நடக்கவே கூடாது, இரண்டு டாக்டரிடமும் முழு விவரம் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து ஆங்கிலத்தில் டைப் செய்தேன். பெயர், வயது, தகப்பன் பெயர், முகவரி, வேலை செய்யும் இடம் இவை மேலே இல்லாத கேஸ் ஷீட் அரைகுறை என்று படிக்கும்போதே எங்கள் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். ஒன்றையும் விடவில்லை. டேனரி பெயர்கூடப் போட்டேன். சர்க்கரை, டி.பி., மாத்திரைகள், தேதிகள். சாமுவுக்கு ஈமெயிலில் அனுப்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டரில் இரண்டு காப்பி எடுத்து, ஆளுக்கொன்று டாக்டர்களிடம் கொடுக்கச் சொன்னேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நல்லதுதானே செய்கிறோம்?

முதல் காப்பி மங்கலாக வந்ததாம். கடைக்காரர் அதைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கூடைக் காகிதமெல்லாம் வாரக் கடைசியில் எடைக்குப் போகும். எடைக்குப் போனது டேனரி கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடைக்குப் போகும். மசால் வடையைக் காகிதத்தில் வைத்து எண்ணெயைப் பிழிந்துவிட்டுத் தின்பதுதான் அங்கே வழக்கம். எண்ணெய் ஊறினால் மங்கல் எழுத்தும் கறுப்பாகத் தெரியும்.

வடை வாங்கியவர் பேக்கிங் பிரிவு கிளார்க். டேனரியில் இங்கிலீஷ் தெரியாதவர்கள்கூட அந்த இரண்டு எழுத்தைப் படித்துவிடுவார்கள். மேலே அப்பாவின் முழுப்பெயரை நான்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேனே.

மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர். அப்பாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். இருபது வருஷமாக டீ குடித்த கடை. அப்பா டீயைக் குடிக்காமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாரமே மெஷினை விட்டு எடுத்து, தோல் அடுக்குகிற இடத்தில் போட்டார்கள். ஆறு மாதத்தில், "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க பெரியவரே" என்று அனுப்பிவிட்டார்கள். ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நோயோ எப்போதோ போய்விட்டிருந்தது. அது யாருக்கு வேண்டும்?

அப்பா இரண்டு பையிலும் இருந்த சீட்டுகளை விறகடுப்பில் போட்டு, வெந்நீர் வைத்துக் குளித்ததாக அம்மா சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் இரண்டே வாக்கியம். "நல்லா இருக்கியா? இரு, உங்கம்மாகிட்ட குடுக்கறேன்." ஒன்பது வருஷம், அதே இரண்டு வாக்கியம். இரண்டு முறை ஊருக்குப் போனேன். காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து பெட்டி தூக்கினார், எனக்குப் பிடிக்கும் என்று பிரியாணி வாங்கிவந்தார். ஆனால் அவர் இருமும்போது நான் திரும்பிப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவார். என் கண்ணுக்கு அவர் பயந்தார். நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு எந்த நோயாளியும் என்னைப் பார்த்து அப்படிப் பயந்ததில்லை.

5

இங்கே கிளினிக்கில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'காகிதப் போலீஸ்'. ஃபேக்ஸ் மெஷினில் ஒரு தாள் தனியாகக் கிடந்தால் யாருடையது என்று கேட்டு ஒவ்வொரு மேஜையாகப் போய் நிற்பேன். குப்பைக்கூடையைக் கிளறுவேன். புதிய கம்ப்யூட்டர் வந்த வாரத்தில், ரகசியச் சொல்லை மஞ்சள் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்த இரண்டு பேரைப் பிடித்தேன். அதில் ஒருவர் பெரிய டாக்டர். "எனக்கு மறந்துபோகிறதே எஸ்தர்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். நான் விடவில்லை, கிழித்துப்போட்டேன். இவர்களில் யாருக்கும் மசால் வடை கதை தெரியாது.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் வீட்டில் எப்படி என்றால், என் மகள் ப்ரீத்தியின் செல்போனை ஒருநாள் திறந்து படித்துவிட்டேன். பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். தாத்தாவிடம் "ஹாய் தாத்தா" என்பதோடு அவளுடைய தமிழ் முடிந்துபோகும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவித்து, அவள் குளிக்கும்போது படித்தேன். ஒன்றுமில்லை. தோழியிடம் என் சாம்பார் வாசனையைப் பற்றிக் குறைபட்டிருந்தாள், அவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. ஒரு வாரம் என்னிடம் "ம்", "ஓகே" இரண்டும்தான்.

இரண்டு வாக்கியத்தில் பேசுகிற அப்பா ஒரு பக்கம், இரண்டு வார்த்தையில் பேசுகிற மகள் ஒரு பக்கம். நடுவில் எல்லோர் நல்லதையும் மட்டுமே விரும்புகிற நான். நல்லது விரும்புகிறவளை எல்லோருக்கும் ஏன் இவ்வளவு பயம் என்று அந்த வாரம் நிறைய யோசித்தேன். சந்தோஷமான யோசனையில்லை.

6

சாமு போன் செய்த மறுநாள், இணைப்பு வைத்துக் கொடுத்த ஆளை போனில் பிடித்து, முன் மேஜையில் இருப்பவருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டேன். பெயரும் வரும் நேரமும் மட்டும், நோய் விவரம் தெரியாது என்றார். சொன்னால் போதாது, நேரில் வந்து காட்டு என்றேன். காட்டினார். பிறகு ஜெரால்டை வரவழைத்தேன். அவர் பெயர் உள்ள பக்கத்தைத் திறந்து, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைக் காட்டினேன். என் பெயர் மட்டும் இருந்தது, நிமிஷத்தோடு.

"உங்கள் மச்சினி திறக்க முடியாது. திறக்க முயன்றாலே அதுவும் இங்கே விழும். எப்போது வேண்டுமானாலும் வந்து இந்தப் பட்டியலைக் கேளுங்கள், நானே எடுத்துக் காட்டுகிறேன்."

"உனக்கேன் இவ்வளவு அக்கறை?" என்றார்.

அப்பா கதையைச் சொன்னேன், பெயரில்லாமல். மசால் வடையை விளக்கத் திணறி, காரமான டோனட் மாதிரி, நடுவில் ஓட்டை கிடையாது என்றேன். "உன் அப்பாவின் நோய் டோனட் காகிதத்திலா வெளியே வந்தது?" என்று சிரித்தார். பிளாஸ்டிக் கப் இடம் வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வெகுநேரம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "பெண்ணே, என் தானியக் கிடங்கில் ஊரார் பொருளும் இருக்கிறது. பூட்டு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. சாவி யார் கையில் என்றுதான் கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷமாக நான் பூட்டைப் பற்றியே யோசித்திருக்கிறேன். நர்ஸிங் ஹாஸ்டலுக்கு என்னை அனுப்பியபோது, டிரங்குப் பெட்டியை டேனரி லாரியில் ஏற்றிவிட்டு, சாவியை என் கழுத்துக் கயிற்றில் கோத்துவிட்டவர் அப்பா. "பொட்டி ஒரு வழியா வரட்டும், சாவி ஒரு வழியா வரட்டும். ரெண்டும் ஒருத்தன் கைல சிக்கக் கூடாது." அது எப்படி எனக்கு மறந்தது?

7

முதலில் நசீர் டாக்டருக்குப் பேசினேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டரில் கெட்டி.

"நானும் சொல்லிப் பாத்துட்டேம்மா. உங்கப்பா பிடிவாதம் உனக்குத் தெரியாததா? நீயும் அதே ரகம்தானே."

நான் என் திட்டத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "செய்யலாம்மா, அந்த கண் டாக்டரு என் தோஸ்துதான், அவர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா உங்கப்பா சரின்னாத்தான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. "நல்லா இருக்கியா? இரு, உங்கம்மாகிட்ட..."

"அப்பா, வைக்காதீங்க. ரெண்டு நிமிஷம். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கி உங்கள கேக்காம நான் எழுதினது தப்பு. உங்க உயிர காப்பாத்திட்டேன்ற திமிர்ல பண்ணிட்டேன். உங்க வேல போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடுங்கப்பா."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ அணைத்திருக்கிறார்கள்.

"இப்ப இன்னா செய்யணும்ன்ற?"

"நசீர் டாக்டரு கண்ணு ஆபரேஷனுக்கு வேண்டியத மட்டும் கம்ப்யூட்டர்ல எழுதுவாரு. மேல உங்க பேரு இருக்காது, ஒரு நம்பர் மட்டும். வேல செஞ்ச எடம், வீட்டு விலாசம் ஒண்ணும் கெடையாது. அத ஒரு ரகசிய வார்த்த போட்டுப் பூட்டி கண் டாக்டருக்கு அனுப்புவாரு. காகிதம் கெடையாது, கடையில பிரிண்ட் கெடையாது. அந்த வார்த்தைய நீங்கதான் வைக்கணும். நசீர் டாக்டர் ரூம்ல உக்காந்து உங்க கையாலயே அடிக்கணும். அவரே அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. அப்பறம் வேலூர் போயி கண் டாக்டர் காதுல நீங்களே சொல்லணும். நீங்க சொல்லலன்னா அவராலயும் தெறக்க முடியாது."

"யாரு யாரு பாப்பாங்க?"

"கண் டாக்டரு. மயக்க மருந்து குடுக்கறவரு. அவ்ளோதான்."

"சாமு?"

"இல்ல."

"உங்கம்மா?"

"இல்லப்பா."

"நீ?"

அவருடைய கண்ணின் உள்ளே என்ன நடக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்லி மாளாது.

"நானும் இல்லப்பா."

"பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன். சாமுவுக்கு போன் செய்யக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. வற்புறுத்துவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை, கிளினிக்குக்குப் புறப்படும்போது போன் அடித்தது. சாமுவின் எண். எடுத்தால் அப்பா. அப்பாவாக எனக்கு போன் செய்தது இந்த ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல்முறை.

"எஸ்தரு, மாடி மேல நிக்கறேன். சாமுவ கடைக்கு அனுப்பிட்டேன். உங்கம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போய்ட்டா. உன் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ப்ரீத்தி சமையலறையில் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தாள். கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லி சைகை காட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

"யாரும் இல்லப்பா."

"நசீர் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். வார்த்த வச்சிட்டேன். நாளைக்கி வேலூரு. ஒரே பேஜாரா இருக்குது. அங்க போய் நின்னதும் எனக்கு மறந்துட்டா அந்த டாக்டரு இன்னா பண்ணுவாரு? அதான்... உன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்."

நான் பேனாவைத் தேடினேன்.

"எழுதாத. மனசுல வச்சிக்கோ."

எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்காமலே நானாகச் சொன்னேன். "சரி சரி, வேலைக்கி நேரமாவப் போவுது, போ" என்றார்.

வெளியே படியில் ப்ரீத்தி உட்கார்ந்திருந்தாள். தாத்தா என்ன சொன்னார் என்று கேட்டாள். அது தாத்தாவுக்கும் எனக்கும் நடுவில் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள். காரில் ஏறிய பிறகு, அவளாகவே, பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் தன்னை என்ன சொன்னாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அதையும் இங்கே எழுதப்போவதில்லை.

ஆபரேஷன் நடந்தது. இடது கண் பிழைத்துக்கொண்டது. தோலைத் தடவிப் பார்க்காமலே கனம் சொல்லும் பழைய பார்வை இல்லைதான். ஆனால் பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கிறார். அப்பாவுக்கு அன்று வார்த்தை மறக்கவில்லை, என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. அந்தக் கோப்பில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் குறிப்புகளை அச்சுக்கு அனுப்பும் முன் முழுவதையும் போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில், "வெந்நி வச்சது நானு, உங்கம்மா இல்ல, அத சரியா போடு" என்று திருத்தினார். பிளாஸ்டிக் கப் வரும் இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். தெரியட்டும்" என்றார். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. அந்த வார்த்த இதுல எங்கயும் இல்லயே?" என்றார்.

"இல்லப்பா."

"உன்கிட்ட இருக்குதில்ல?"

"இருக்குதுப்பா."